ஒன்பது நொடி மௌனம்

மூன்றாம் பீரியட் மணி அடித்து ஓய்ந்தபோது ஆசிரியர் அறையில் குற்றாலிங்கம் சார் மட்டும் இருந்தார். எதிரே மேசைமேல் அவருடைய கைபேசி. அதற்குள் ஹெப்சிபா டீச்சரின் குரல். இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது. நாலாம் பீரியட் மணிக்கு டீச்சரின் கணவர் ஆசீர்வாதம் வந்துவிடுவார். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். பஸ்கள் பிந்தினாலும் தான் பிந்தாதவர். வந்து உட்கார்ந்து, மனைவி சாவதற்குப் பதினோரு நாள் முன்பு பதிவு செய்த வேதியியல் வகுப்பைக் கேட்பார். கேட்கக் கேட்கத் திரையில் ஏழு மஞ்சள் கட்டங்கள் ஒவ்வொன்றாக எழும்பும். ஏழும் குற்றாலிங்கம் எழுதிய குறிப்புகள். மனுஷர் வருவதற்குள் அவற்றை அழித்துவிடலாம், அழித்தால் ஒருவருக்கும் தெரியாது. தலைமையாசிரியையே நேற்று வராந்தாவில் வழிமறித்துச் சொல்லியாயிற்று: “பாவம், நாலு தடவ போன் பண்ணிட்டாரு சார். அவங்க குரல் வேற எதுலயும் இல்லையாம். உங்க குறிப்பெல்லாம் இருக்கணுமா, எடுத்துரலாமான்னு நீங்களே பாத்துக்கோங்க. அவருக்கு அதெல்லாம் எதுக்கு?” எதுக்கு என்று குற்றாலிங்கத்துக்கு மட்டும் என்ன தெரியும்? அவர் கைபேசியை எடுத்தார், வைத்தார், கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்கப் போய், கட்டியிருப்பது பேன்ட் என்று கண்டு, சட்டையால் துடைத்தார். பன்னிரண்டு வருஷமாகப் பள்ளிக்குப் பேன்ட்தான் கட்டுகிறார். கட்டுகிறார் இல்லை, போடுகிறார். இந்த நேரத்திலும் வினைச்சொல்லைத் திருத்திக்கொள்ளும் மூளையை என்ன சொல்வது? துட்டி கேட்க டீச்சரின் சாவு வீட்டுக்குப் போனபோதும் அது இப்படித்தான் நடந்துகொண்டது. தெருமுனையில் கட்டியிருந்த நினைவஞ்சலி பிளெக்ஸில் வயது நாற்பத்தெட்டு என்று போட்டிருந்தார்கள். நாற்பத்தேழுதான், மார்ச்சில்தான் நாற்பத்தெட்டு ஆகும். யாரிடம் போய்ச் சொல்வது என்று மாலையும் கையுமாக அதன் அடியில் நின்று, கடைசியில் சொல்லாமலே வந்தார். ஐம்பத்தாறு வருஷ வாழ்க்கையில் தான் செய்த மிகப் பெரிய நாகரிகம் அதுதான் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டார். உடனே அழுகை வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திவிட்டார், காற்றில் தூசி விழுந்ததென்று எண்ணி.

செயலியின் பெயர் பிம்பம். போன வருஷம் நிர்வாகம் வாங்கியது. ஆசிரியர் வாரத்துக்கு ஒரு வகுப்பைக் கைபேசியில் பதிவு செய்து ஏற்ற வேண்டும். இணை என்று ஒருவரைச் சேர்த்துவிடுவார்கள், அவர் அதைக் கேட்டு எந்த நிமிஷத்தில் என்ன என்று குறிப்பு ஒட்ட வேண்டும். பிறகு பாடம் எடுத்தவர் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்த முறை என்ன மாற்றுவேன். மூன்றும் நிரம்பினால் பதிவு மூடிக்கொள்ளும், அப்புறம் யாரும் எதையும் மாற்ற முடியாது. இதற்குப் பிரதிபலிப்புப் பயிற்சி என்று பெயர் வைத்தவன் யாரோ. தன்னாய்வு என்று அழகாக ஒரு சொல் இருக்கிறதே என்று குற்றாலிங்கம் முதல் நாள் கூட்டத்திலேயே எழுந்து கேட்டார். பயிற்சி கொடுக்க வந்த பையன் “நல்ல பாயின்ட் சார்” என்று சொல்லிவிட்டுத் திரையில் அடுத்த படத்துக்குப் போனான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது ஹெப்சிபா டீச்சர். அன்றைக்கே இருவரையும் இணையாகப் போட்டுவிட்டார்கள், கணக்குக்கு வேதியியல். குற்றாலிங்கத்துக்கு முதலில் பிடிக்கவில்லை. முப்பத்தோரு வருஷமாக மூடிய கதவுக்குப் பின்னால் நடந்த வகுப்பு. அதைப் போய் இன்னொருத்தர் காதில் மாட்டிக்கொண்டு, வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பதாவது! வெங்காயம் உரித்துக்கொண்டுதான் டீச்சர் கேட்டார்களாம், சொன்னார்களே. “சார்வாள், நேத்து உங்க முக்கோணவியல கேட்டுக்கிட்டே சாம்பார் வச்சேன். ரெண்டும் கொதிச்சுது.” அவர்கள் ஒட்டிய முதல் குறிப்பு இன்னும் மனப்பாடம். பதினாலாம் நிமிஷம் இருபதாம் நொடி: “இங்கே நீங்களே கேள்வி கேட்டு, நீங்களே பதில் சொல்லி, நீங்களே சபாஷும் போட்டுக்கொண்டீர்கள். பிள்ளைகள் வேண்டுமானால் போய் டீ குடித்துவிட்டு வரட்டுமா?” இரண்டு நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பதிவைப் போட்டுக் கேட்டார். வாஸ்தவம்தான். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு நொடிகூட இல்லை, முக்கால் நொடி. முப்பத்தோரு வருஷம், வருஷத்துக்கு இருநூறு நாள், நாளுக்கு ஐந்து வகுப்பு, எத்தனை ஆயிரம் கேள்விகளை இப்படிப் பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்கித் தின்றிருக்கிறோம் என்று பெருக்கிப் பார்த்து, வந்த எண்ணை எழுதாமல் காகிதத்தைக் கசக்கிப் போட்டார். அன்றிலிருந்து கேள்வி கேட்டால் மனசுக்குள் நாலு வரை எண்ணுவார். நாலாவது நொடியில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயரும், வருஷம் முழுக்க உயராத கை. இதை வீட்டில் சொன்னார். மனைவி சீரியலின் சத்தத்தைக் குறைக்காமலே “நல்லதுதானே” என்றாள். டீச்சரிடம் சொன்னார்; டீச்சர் கை தட்டினார்கள், இந்த அறையிலேயே, அந்த ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து. அந்த நாற்காலியில் இப்போது விடைத்தாள் கட்டு இருக்கிறது. தன்னை முழுசாகக் கேட்ட ஆள் உலகத்தில் ஒரே ஒருத்தர். நாற்பது நிமிஷமும், வாரா வாரமும்.

கற்றுக்கொண்டதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிந்ததா? காத்திருப்பு நேரம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். ஒரு சின்னப் புத்தகத்தையும் தேடிப் பிடித்தார், அடிக்கோடு போட்டார், பிறகு டீச்சரையே பிடித்துக்கொண்டார். டீச்சர் பேசினால் கடையநல்லூர் போகிற மினி பஸ் மாதிரி, நிறுத்தத்தில் நின்ற மாதிரியும் இருக்கும், நிற்காத மாதிரியும் இருக்கும். வாரா வாரம் அவர் ஒட்டிய குறிப்பெல்லாம் இதே புலம்பல்தான். காத்திருப்பு 0.6 நொடி. காத்திருப்பு 0.9. இங்கே மூச்சு விட்டிருக்கலாம். மூச்சு விட்டிருக்கலாம் என்றே எழுதியிருக்கிறார், ஆகஸ்டில், தேடினால் கிடைக்கும், தேடக் கூடாது. “என்ன சார்வாள், எங்க வாய்க்கு ஸ்பீடு பிரேக்கர் போடாம விட மாட்டீங்களோ?” என்பார்கள். ஒரு வருஷம் இப்படி. அப்புறம் அந்தப் புதன்கிழமைப் பதிவு. அன்று சாயங்காலமே கேட்டார், வழக்கம்போல ஒன்றரை மடங்கு வேகத்தில். நாற்பது நிமிஷ வகுப்பை இருபத்தாறு நிமிஷம் நாற்பது நொடியில் முடித்துவிடலாம். மிச்சம் பதின்மூன்று நிமிஷம் இருபது நொடி, அதில் ஒரு பயிற்சிக் கணக்கு திருத்தலாம். ஸ்டாப்வாட்ச் கையில். டீச்சர் கேட்கிறார்கள்: “உப்பு தண்ணியில கரையுது. மெழுகு ஏன் கரையல?” அப்புறம் சத்தமே இல்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பதிவு நின்றுவிட்டதோ என்று பார்த்தார், இல்லை, ஓடுகிறது. ஸ்டாப்வாட்சில் ஆறு நொடி. ஒன்றரை மடங்கில் ஆறு என்றால் அசலில் ஒன்பது. ஒன்பது நொடி! பெருக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார், அந்தப் பெருக்கலைத்தான் இப்போது மன்னிக்க முடியவில்லை. உடனே தட்டினார்: “ஒன்பது நொடி. மிகச் சிறந்த மௌனம்.” இன்னொரு இடத்தில் ஏழு நொடி, அதற்கும் ஒரு குறிப்பு. மற்றோரிடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம்: “உட்கார்ந்து பேசுவது வகுப்பின் பதற்றத்தைக் குறைக்கிறது, நல்ல உத்தி.” உத்தியாம். இருபத்திரண்டு வருஷமாக நின்றுகொண்டே பாடம் நடத்திய மனுஷி உட்கார்ந்தால், எதற்கு உட்கார்ந்தாள் என்று கேட்க ஒரு கழுதைக்குக்கூடத் தோன்றியிருக்கும். கழுதை காத்திருப்பு நேரத்தைப் பற்றிப் புத்தகம் படித்திருக்காது என்பதுதான் அதற்குச் சௌகரியம். ஏழாவது குறிப்பு, கடைசி நிமிஷத்தில்: “ஒருவழியாகக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள் டீச்சர்! வகுப்பு உங்கள் கைக்கு வந்துவிட்டது.”

மறுநாள் மாடிப்படியில் பார்த்தார். நடுப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். “கேட்டேன் டீச்சர். பிரமாதம். அந்த ஒன்பது நொடி!” டீச்சர் மேலே நிமிர்ந்து பார்த்தார்கள், நெற்றியில் வேர்வை, ஜனவரி மாதத்தில். அப்புறம் சிரித்து, “எல்லாம் உங்க புண்ணியம் சார்வாள்” என்றார்கள். அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு? கேலியா, நிஜமாகவே சந்தோஷமா, இல்லை, ஆளைச் சீக்கிரம் அனுப்பிவைக்கிற சிரிப்பா? இருபத்தேழு நாளாக அந்தச் சிரிப்பைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறார். போடப் போட அது தேய்கிறது. இப்போது உதடுகூடச் சரியாக வரவில்லை, கைப்பிடியில் இருந்த கை மட்டும் வருகிறது, விரல் முட்டி வெளுத்து. அந்த வாரக் கடைசியில் இன்னொன்று நடந்தது. நடந்ததா? இங்கேதான் மனசு ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்கிறது, சட்டை ஆணியில் மாட்டுவதுபோல. டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த டீச்சர் “ரெண்டு நாள் லீவு போடலாமான்னு பாக்கேன் சார்” என்றார்கள். அது நிச்சயம், குரல் அப்படியே இருக்கிறது. அதற்கு அவர் “இப்பவா? இப்பத்தானே வகுப்பு பிடிச்சு வருது” என்றாரா? சொன்னது போலவும் இருக்கிறது, அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான் தான் என்பதால் பின்னால் தானே செய்துகொண்ட நினைவு போலவும் இருக்கிறது. வேறு யாராவது அறையில் இருந்தார்களா? பி.டி. டீச்சர் இருந்திருக்கலாம். போய்க் கேட்கலாம். ‘டீச்சர், அன்னைக்கு நான் ஹெப்சி டீச்சர லீவு போட வேண்டாம்னு சொன்னனா?’ கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். கேட்காதவரை குற்றம் பாதிதான். டீச்சர் லீவு போடவில்லை. அடுத்த வாரமும் வந்தார்கள், அது முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்குக் கிளம்பி, தலை சீவிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே சரிந்துவிட்டார்கள். திங்கட்கிழமை பிரேயரில் தலைமையாசிரியை சொன்னபோது பிள்ளைகள் பெருங்குரலெடுத்து அழுதார்கள். அவர் மௌனம் அனுசரிக்கிற ஒரு நிமிஷத்தை எண்ணிக்கொண்டு நின்றார். நாற்பத்தோராம் நொடியிலேயே முடித்துவிட்டார்கள்.

மணியைப் பார்த்தார். பத்து ஐம்பது. ஆசீர்வாதம் வர இருபது நிமிஷம். செயலியைத் திறந்தார். ஹெப்சிபா டீச்சரின் பெயருக்குக் கீழே மூன்று கட்டங்கள். என்ன நடந்தது என்பதில், “கரைதல் பாடம். பிள்ளைகள் நன்றாக யோசித்தார்கள்” என்று எழுதியிருக்கிறது. ஏன் நடந்தது என்பதில், “இணையாசிரியர் சொல்லிக்கொடுத்தபடி நிறுத்தி நிறுத்திப் பேசினேன்.” அடுத்த முறை என்ன மாற்றுவேன் என்பது காலி. அதில் ஒரு கோடு மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டு, யாராவது எழுதுவார்கள் என்று நிற்கிறது. அது காலியாக இருப்பதால்தான் பதிவு மூடாமல் இருக்கிறது. அதனால்தான் அவரால் அழிக்க முடியும். டீச்சர் செத்துப்போய் அவருக்கு ஓர் உபகாரம் செய்திருக்கிறார்கள். முதல் குறிப்பைத் தொட்டார், அந்த ஏழு நொடிக் குறிப்பு. நீக்கவா, நீக்கினால் மீட்க முடியாது என்று கேட்டது. ஆம் என்றார். மஞ்சள் கட்டம் சுருங்கி ஒரு புள்ளியாகிப் போய்விட்டது. அந்த இடத்தில் வெறும் கோடு, சத்தமில்லாத இடத்தில் சத்தக்கோடு படுத்துவிடுமே, அந்தத் தட்டைக் கோடு. ஆஸ்பத்திரித் திரையில் காட்டுகிற மாதிரி என்று தோன்றியது. தோன்றியதும், சீ, இது யாரும் சொல்லக்கூடிய உவமை என்று தன்னையே கடிந்துகொண்டார். இன்னும் ஆறு. ஒன்பது நொடிக் குறிப்பின்மேல் விரலை வைத்தவர் எடுத்துவிட்டார். அழிக்கப்போகிற இடத்தை ஒரு தடவையாவது கேட்க வேண்டாமா? இயர்போனை மாட்டினார். வேகம் ஒன்றரை என்றே நின்றது. முதல் முறையாக அதை ஒன்றுக்குக் கொண்டுவந்தார்.

டீச்சரின் குரல் கனத்துவிட்டது. இல்லை, இதுதான் அவர்களுடைய குரல். ஒரு வருஷமாக அவர் கேட்டதுதான் கீச்சுக் குரல். ஒவ்வொரு சொல்லும் நின்று நிதானமாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல வந்தது. “உப்பு தண்ணியில கரையுது. மெழுகு ஏன் கரையல?” பிறகு அந்த மௌனம். ஆனால் அது மௌனமே இல்லை. மூச்சு இருந்தது, மேலே மேலே ஏறப் பார்த்துப் பாதியில் வழுக்குகிற மூச்சு. வளையல் மேசையில் இடிக்கிற சத்தம். நாலாவது நொடியிலோ ஐந்தாவதிலோ, முன் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை ரகசியக் குரலில், “டீச்சர், தண்ணி தரட்டா?” ஒன்றரை மடங்கில் அது வெறும் சரசரப்பாக ஓடியிருக்கிறது, தாள் புரள்கிற சத்தம் என்று நினைத்திருப்பார், நினைத்தாரோ இல்லையோ. அப்புறம் டீச்சர், அதே அளவு மெல்ல: “ஒண்ணுமில்லட்டி. நீ யோசி.” ஒன்பது நொடி முடிந்தது. டீச்சரின் குரல் பழையபடி எழுந்தது, “ம்… யாரு சொல்லப் போறா?” என்று சிரித்தது. குற்றாலிங்கம் மறுபடி போட்டார். ஒண்ணுமில்லட்டி, நீ யோசி. மறுபடி. ஆக, அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. பதினாறு வயசு, புத்தகமோ ஸ்டாப்வாட்சோ கிடையாது, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அவள் வாயை மூடவைக்க டீச்சருக்கு ஒரு மறைப்பு வேண்டியிருந்தது. தயாராக ஒரு மறைப்பை வருஷம் முழுக்க நெய்து கொடுத்தவர் யார்? பிள்ளைகளுக்கு இடம் விடுங்கள், நிறுத்துங்கள், காத்திருங்கள். வலி வந்தபோது டீச்சர் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள், மழைக்கு ஒதுங்குவதுபோல. அவர் வெளியே நின்று கை தட்டினார். ஆறையும் அழித்துவிடு என்றது மனசு. அழித்தாலும் காதில் இருக்குமே என்றது. காதில் இருப்பதை ஆசீர்வாதம் பார்க்கப்போவதில்லையே என்றது. அந்த மனுஷர் நிம்மதிக்காகத்தான் அழிக்கிறேன் என்று ஒரு வாக்கியத்தைக் கட்டினார். கட்டியதைப் படித்துப் பார்த்தார். எழுவாய் பொய், பயனிலை பொய். ஆசீர்வாதம் படித்துவிட்டுத் திட்டட்டும். அவர் ஒருத்தர்தான் திட்டும் யோக்கியதை உள்ளவர். மேசையைக் குத்தி, ‘படிச்ச மனுஷன் தானேய்யா நீ’ என்று கேட்கட்டும். கேட்டால் கொஞ்சம் லேசாகும். அதற்கும் பயமாக இருந்தது. மறுபடியும் கேட்டார். விரல் அழிக்கிற இடத்திலேயே இருந்தது. மணி அடித்துவிட்டது.

ஆசீர்வாதம் காக்கிச் சட்டையோடு, டூட்டியிலிருந்தே வந்திருந்தார். செருப்பை வாசலில் கழற்றினார். “வேண்டாம், போட்டுக்கிட்டே வாங்க” என்று சொல்லியும் கேட்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, “உங்கள பத்தி ரொம்பச் சொல்லுவா சார்” என்றார். இயர்போன் வேண்டாமாம், பழக்கமில்லையாம். கைபேசியை அவர் பக்கமாகத் திருப்பி வைத்து, ஒலியைக் கூட்டி, குற்றாலிங்கம் தொட்டார். வேகம் ஒன்று. ஆசீர்வாதம் முழங்கையை மேசையில் ஊன்றி, குனிந்து, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார். திரையைப் பார்க்கவில்லை. மஞ்சள் கட்டங்கள் எழும்பி எழும்பி அவர் கன்னத்துக்குக் கீழே அணைந்தன. இப்படியே முடிந்துவிடும் போலிருந்தது. அப்போது அந்த ஒன்பது நொடி வந்தது. ஆசீர்வாதம் தலையை நிமிர்த்தினார்.

“வீட்லயும் இப்படித்தான் சார். பேசிக்கிட்டே இருப்பா, டக்குனு நிறுத்திருவா. என்ன பிள்ள, என்ன செய்யுதுன்னு கேட்டா, ஸ்கூல்ல புதுசா சொல்லிக்குடுத்திருக்காங்க, நிறுத்தி நிறுத்திப் பேசணுமாம், அதப் பழகுதேன்னுவா. நானும் சிரிச்சுக்கிட்டே போயிருவேன்.” குற்றாலிங்கத்தைப் பார்த்தார். “அப்படி ஒண்ணு உண்டா சார், நெசமாவே? இல்ல, எங்கிட்ட சும்மா சொன்னாளா?”

இல்லை என்று சொன்னால் பொய். உண்டு என்று மட்டும் சொன்னாலும் பொய்தான்.

“உண்டு. நாந்தான் சொல்லிக்குடுத்தேன்.” குற்றாலிங்கம் பதிவை நிறுத்தினார். “வலின்னு எனக்கும் தெரியல. பழகுதாங்கன்னுதான் நானும் நெனச்சேன். இதுல எழுதிக்கூட வச்சிருக்கேன். ஒண்ண இப்பத்தான் அழிச்சேன், உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு. மிச்சம் ஆறு இருக்கு. நீங்களே பாருங்க.”

ஆசீர்வாதம் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒரு விரலால் தள்ளித் தள்ளி, உதடு அசையப் படித்தார். மிகச் சிறந்த மௌனம் என்பதைப் படித்தார். நல்ல உத்தி என்பதைப் படித்தார். கடைசிக் குறிப்பில் விரல் வெகுநேரம் நின்றது. குற்றாலிங்கம் முதுகை நிமிர்த்தி, வருவதை வாங்கிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

“இத அவ படிச்சாளா சார்?”

“படிச்சாங்க.”

“சந்தோசப்பட்டாளா?”

சத்தியமாகத் தெரியாது என்பதுதான் விடை. ஆனால் கேட்டவர் முகத்தைப் பார்த்தார்.

“பட்டாங்க.”

ஆசீர்வாதம் தலையாட்டினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். “அவள யாரும் அப்படிப் புகழ்ந்து எழுதுனதில்ல. நானும் சொன்னதில்ல. அப்ப இது அங்கனயே இருக்கட்டும் சார், அழிச்சிராதீங்க. நல்லாருக்கு.” பிறகு, கோபமே இல்லாத குரலில், “மொதல்ல இருந்து ஒருவாட்டி வைங்க” என்றார்.

குற்றாலிங்கம் போக வேண்டிய பதினோராம் வகுப்பு பி பிரிவுக்கு மணி அடித்துப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. திட்டாமல் விட்டுவிட்டாரே என்றுதான் இருந்தது. சத்தக்கோட்டை ஆரம்பத்துக்கு இழுத்து வைத்து, தொட்டார். பெஞ்சுகள் இழுபட்டன, யாரோ இருமினார்கள், ஹெப்சிபா டீச்சர் சாக்பீஸைத் தட்டிக்கொண்டே சொன்னார்கள்: “ஏட்டி, ஜன்னலத் திறந்து வைங்க, காத்து வரட்டும்.”